புது வீட்டுச் சமையலறை: எதை முதலில் முடிவு செய்வது, எந்த டிரெண்டை நம்புவது

வீடு கட்ட ஆரம்பிப்பவர்கள் இப்போது பிளான் கைக்கு வருவதற்கு முன்பே போனில் கிச்சன் படங்களைச் சேர்த்துவிடுகிறார்கள். ஆலிவ் பச்சை ஷட்டர் (அலமாரிக் கதவு), கைப்பிடி தெரியாத டிராயர், நடுவில் ஐலேண்ட் என்கிற தனி மேடை, வெள்ளை குவார்ட்ஸ் மேடை. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சமையலறையில் தினமும் எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிறது, பாத்திரம் கழுவிக் கழுவி மேடையில் தண்ணீர் ஓடுகிறது. புதிதாக வரும் எந்த டிசைனையும் பார்த்து, தாளிப்பையும் தண்ணீரையும் இது தாங்குமா என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். தாங்குபவை நிறையவே இருக்கின்றன.

அடுத்தது வரிசை. நிறமும் கைப்பிடியும் கடைசியில் முடிவாக வேண்டியவை. மேடை உயரம், பைப், வயர், சிம்னி ஓட்டை எல்லாம் பூச்சு வேலைக்கு முன்பே முடிவாக வேண்டும். பல வீடுகளில் இது தலைகீழாக நடந்து, ஒட்டிய டைல்ஸை உடைக்கிறார்கள். அதனால் கீழே உள்ளவற்றை வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் ஒரு பாத்திரப் பட்டியல்

டிசைனரைப் பார்க்கும் முன், வீட்டில் உள்ள பெரிய சாமான்களை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். இட்லிப் பானை மூடியோடு எவ்வளவு உயரம், தோசைக்கல் கைப்பிடியோடு எவ்வளவு நீளம், பெரிய குக்கர், அரிசி டப்பா, எண்ணெய் கேன், மிக்ஸி, கிரைண்டர். மாதத்துக்கு எத்தனை கிலோ மளிகை வாங்குகிறீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் இல்லாமல் போனால் கம்பெனியின் வழக்கமான டிராயர் அளவுதான் உங்களுக்கும் வரும். இட்லிப் பானை பரணுக்குப் போய்விடும்.

சமைப்பவர் யார், எத்தனை பேர் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மாமியாரும் மருமகளும் சேர்ந்து நிற்கும் அடுப்படிக்கும், ஆபீஸ் போகிறவர் ஒருவராக அவசரமாகச் சமைக்கும் அடுப்படிக்கும் தேவைப்படும் நடை இடம் வேறு.

2. திறந்த கிச்சனா, மூடிய கிச்சனா

ஹாலோடு சேர்ந்த திறந்த கிச்சன்தான் இன்று பலர் கேட்பது. சின்ன ஃபிளாட்டில் இடம் பெரிதாகத் தெரியும், சமைப்பவர் தனியாக ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. இந்த இரண்டாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மிளகாய் வறுக்கும் நாளும், மீன் பொரிக்கும் நாளும் வரும். சோபா துணியும் திரைச்சீலையும் அந்த வாசனையை நாள்கணக்கில் வைத்திருக்கும்.

நடுவழி ஒன்று இருக்கிறது: மெல்லிய அலுமினிய ஃபிரேமில் ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு. கோடு கோடாக வரும் ஃப்ளூட்டட் கண்ணாடி போட்டால் உள்ளே இருக்கும் பாத்திரக் குவியல் தெரியாது, வெளிச்சம் மட்டும் வரும். தாளிக்கும்போது மூடலாம், மற்ற நேரம் திறந்து வைக்கலாம். இப்போது வரும் டிசைன்களில் தமிழ் வீட்டுக்கு அப்படியே பொருந்துவது இதுதான் என்பேன்.

இடம் உள்ளவர்கள் இரண்டு அடுப்படி வைக்கிறார்கள்: ஹால் பக்கம் காபி, டோஸ்ட், மைக்ரோவேவ் மட்டும் வைத்த சுத்தமான பகுதி, பின்னால் நிஜச் சமையல். இது நமக்குப் புதிதல்ல. கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்த வீடுகளின் தொடர்ச்சி இது. 4 அடி அகலத்தில் ஒரு யூட்டிலிட்டி கிடைத்தாலே போதும்; பெரிய பாத்திரம் தேய்ப்பது, மீன் கழுவுவது, வாஷிங் மெஷின் எல்லாம் அங்கே போய்விடும்.

ஐலேண்ட் கேட்பவர்கள் அளவைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். சுற்றிலும் 36 அங்குல நடை இடம் வேண்டும்; இரண்டு பேர் வேலை செய்தால் 42. சுவர் மேடை 2 அடி, நடை 3 அடி, ஐலேண்ட் 2 அடி, மறுபக்கம் 3 அடி என்று கூட்டினாலே அகலம் 10 அடி ஆகிவிடுகிறது. 8 அடி அறையில் ஐலேண்ட் வைத்தால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கும்போது ஒருவர் வெளியே போக வேண்டியிருக்கும். அதற்குப் பதில் சக்கரம் வைத்த சின்ன மேசை போதும். தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்கும், தேங்காய் துருவும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 4 அடிக்கு 3 அடி தரையை காலியாக விடுவதே அவர்களுக்குச் செய்யும் பெரிய மரியாதை.

அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றும் முக்கோணமாக அமைய வேண்டும் என்பதை எல்லா டிசைனர்களும் சொல்வார்கள். 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான கணக்கு அது. மூன்று பக்கமும் கூட்டினால் 13 முதல் 26 அடிக்குள் வர வேண்டும். நல்ல கணக்குதான், ஆனால் அதில் மிக்ஸியும் கிரைண்டரும் இல்லை. நம் வீட்டில் ஊறிய அரிசியும் உளுந்தும் சிங்கிலிருந்து கிரைண்டருக்குப் போகின்றன, மாவு ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. எனவே அரைக்கும் இடத்தை சிங்க் பக்கம் வையுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் எண்ணெய்ப் புகை மோட்டார் காற்றுத் துளைகளில் படியும்.

அக்னி மூலை, கிழக்குப் பார்த்துச் சமைப்பது என்று வாஸ்து பார்ப்பவர்கள் அதை பிளான் போடும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு அடுப்பை நகர்த்தினால் அது ஜன்னலுக்கு நேராக வந்து, காற்றில் தீ அலைபாயும்.

3. மேடை உயரம்

முதுகு வலிக்கும் தோள் வலிக்கும் காரணமாக இருக்கும் அளவு இது. கொத்தனார் பழக்கத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம் வைத்துவிடுவார். நீங்கள் விடாதீர்கள்.

அதிகம் சமைப்பவரை வெறுங்காலோடு நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளக்கவும். அதில் 4 முதல் 6 அங்குலம் குறைத்தால் மேடை உயரம். ஏறக்குறைய 5 அடி உயரம் உள்ளவருக்கு 32–33 அங்குலம் வரும். 5 அடி 4 அங்குலம் உள்ளவருக்கு 34–35. இந்த அளவு டைல்ஸ் ஒட்டி முடித்த தரையிலிருந்து. கான்கிரீட் தரையிலிருந்து அளந்தால் கலவையும் டைல்ஸும் 2, 3 அங்குலத்தைத் தின்றுவிடும், மேடை குட்டையாகிவிடும்.

மேலே வைக்கும் ஸ்டவ் என்றால் அதன் உடம்பே 4 அங்குலத்துக்கு மேல். அதன் மேல் குக்கர். கிண்டும்போது தோள் தூக்கினால் உயரம் தப்பு என்று அர்த்தம். எனவே ஸ்டவ் வைக்கும் பகுதியை மட்டும் 4 அங்குலம் இறக்குங்கள். கல்லுக்குள் பதியும் ஹாப் என்றால் இறக்கத் தேவையில்லை. ஆனால் ஹாபுக்கு வெட்டும் அளவு மாடலுக்கு மாடல் மாறும். பொருள் கையில் வந்த பிறகுதான் கல்லை வெட்ட வேண்டும்.

டிஷ்வாஷர் வாங்கும் எண்ணம் இருந்தால் இங்கேயே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பெரும்பாலான 60 செ.மீ மாடல்கள் 84–85 செ.மீ உயரம், அதாவது சுமார் 33½ அங்குலம். 33 அங்குல மேடைக்கு அடியில் அது நுழையாது. சமையல் மேடையை உங்கள் உயரத்துக்கே வைத்துக்கொண்டு, டிஷ்வாஷரை யூட்டிலிட்டியில் 36 அங்குல மேடைக்கு அடியில் வைப்பது நல்ல தீர்வு.

மேடை ஆழம் 2 அடி. மேல் அலமாரி 12–14 அங்குல ஆழம். மேடைக்கும் அதற்கும் நடுவே 20–24 அங்குலம் விட்டால் தலை இடிக்காது.

4. சுவருக்குள் போகிறவை

டைல்ஸ் ஒட்டும் முன், சுவரில் சாக்பீஸால் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வரையச் சொல்லுங்கள். பிளம்பர், எலக்ட்ரீசியன், கிச்சன் செய்பவர் மூவரும் அந்தச் சுவர் முன் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். தனித்தனியாக வந்தால் சிம்னிக்குப் பின்னால் ஸ்விட்ச் போர்டு வரும்.

கரண்ட். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட். அதாவது 9 ஆம்பியருக்குப் பக்கம். 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகக் கூடாது. இண்டக்‌ஷன், மைக்ரோவேவ், ஓவன், டிஷ்வாஷர், கெட்டில் ஒவ்வொன்றுக்கும் 16 ஆம்பியர் சாக்கெட், குறைந்தது 2.5 சதுர மி.மீ வயர். மிக்ஸி, கிரைண்டர், வாட்டர் பியூரிஃபையர், சிம்னி ஆகியவற்றுக்கு 6 ஆம்பியர் போதும். இப்போது தேவைப்படுவதைவிட இரண்டு சாக்கெட் கூடுதலாக வையுங்கள். சிங்க்குக்கு நேர் மேலே சாக்கெட் வேண்டாம். ஈரக் கையோடு ஸ்விட்ச் தொடும் அறை இது; மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இல்லாத கிச்சனை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேஸ். சிலிண்டரை வெளியே வைத்து காப்பர் பைப் வழியாக உள்ளே கொண்டு வருவது நல்ல மாற்றம். கீழ் அலமாரியில் ஒரு பெரிய இடம் மிச்சமாகிறது. எல்.பி.ஜி காற்றைவிட கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். எனவே சிலிண்டர் அறைக்குத் தரை மட்டத்தில் காற்றுத் துளை வேண்டும். உள்ளேயே வைப்பவர்கள் அந்த ஷட்டரின் கீழ்ப்பகுதியில் ஜாலி போடுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபை 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதால், அதைக் கல்லுக்குப் பின்னால் எட்டாத இடத்தில் புதைக்கவே கூடாது.

சிம்னி. கடையில் 1200, 1400 என்று உறிஞ்சும் சக்தியைச் சொல்லி விற்பார்கள். அந்த எண்ணைவிட பைப் போகும் வழிதான் முக்கியம். 6 அங்குல பைப்பை 4 அங்குலமாகச் சுருக்கினாலும், நாலு வளைவு வைத்தாலும் எந்த சிம்னியும் மூச்சு வாங்கும். நேராக வெளிச்சுவருக்குப் போகும்படி, வளைவு ஒன்று அல்லது இரண்டோடு முடியுங்கள். ஓட்டையைப் பூச்சுக்கு முன்பே விட்டுவிட வேண்டும். பீம், தூணில் துளை போட யாரையும் விடாதீர்கள். அடுப்பிலிருந்து சிம்னி 26–30 அங்குலம் மேலே. இரண்டு பர்னருக்கு 60 செ.மீ, மூன்று, நான்கு பர்னருக்கு 90 செ.மீ. பைப் இல்லாமல் உள்ளேயே சுற்றும் வகை நம் தாளிப்புக்குப் போதாது. சிம்னி இருந்தாலும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கட்டும்.

5. மேடைக்கல்

வெள்ளை குவார்ட்ஸ் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அது நொறுக்கிய குவார்ட்ஸோடு ரெசின் சேர்த்து அழுத்திச் செய்த கல். சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ். துளை இல்லாததால் கறை உள்ளே இறங்காது. ஆனால் அந்த ரெசினுக்குச் சூடு ஆகாது. கொதிக்கும் குக்கரை, எண்ணெய்ச் சட்டியை நேராக இறக்கி வைத்தால் மஞ்சளாகும், சில சமயம் விரிசல் விடும். மஞ்சள் தூளைத் துடைக்காமல் இரவு முழுக்க விட்டாலும் வெள்ளையில் தடம் நிற்கலாம். இதை அறுக்கும்போது கிளம்பும் தூசி தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கிறது. அதற்காகவே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லைத் தடை செய்தது. குவார்ட்ஸ்தான் வேண்டும் என்றால், தண்ணீர் ஊற்றி அறுக்கும் பட்டறையிலேயே முழு வேலையும் முடித்து வரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்குள் உலர்வாக அறுக்க விடாதீர்கள்.

இத்தாலியன் மார்பிள் மேடை வேண்டவே வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் பளபளப்பு போகும்.

கிரானைட்டை பழைய ஃபேஷன் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, விழுப்புரம் பக்கத்துக் கல் நமக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. கொதிக்கும் சட்டியை இறக்கி வைக்கலாம், மேலேயே சப்பாத்தி தேய்க்கலாம். பளபளப்பு பிடிக்கவில்லை என்றால் லெதர் ஃபினிஷ் கேளுங்கள், இன்றைய மேட் தோற்றம் அப்படியே கிடைக்கும். மங்கலான சாம்பல், பழுப்பு நிறங்களில் சுண்ணாம்பு நீர்க் கறை தெரியாது. ஜெட் கறுப்பில் போர் தண்ணீரின் ஒவ்வொரு துளியும் வெள்ளைப் புள்ளியாகக் காயும். 18–20 மி.மீ தடிமன் போதும்.

எந்தக் கல்லானாலும் ஒரு வேலையை மறக்காமல் செய்யச் சொல்லுங்கள். மேடைக்கல் ஷட்டரைவிட 1 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? அந்த நீட்டலின் அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, 3–4 மி.மீ ஆழத்துக்கு நீளமாக ஒரு கோடு கீற வேண்டும். மேடையிலிருந்து வழியும் தண்ணீர் கல்லின் அடியில் ஊர்ந்து உள்ளே போகாமல் அந்தக் கோட்டிலேயே சொட்டிவிடும். இது இல்லாத வீட்டில் சிங்க்குக்குக் கீழே உள்ள ஷட்டரின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். உப்பி, லேமினேட் பிரிந்திருக்கும். அரை மணி நேர வேலை, கிச்சனின் ஆயுளைக் கூட்டுகிறது.

6. பெட்டியும் ஷட்டரும்

மாடுலர் கிச்சன் என்றால் பெட்டி, அதற்கு முன்னால் ஷட்டர், உள்ளே ஹார்டுவேர். இதில் பெட்டிதான் அழுகுவது. மரத்தூளையும் மர நாரையும் அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, சாதாரண எம்.டி.எஃப் இரண்டையும் சிங்க் பக்கம் அண்ட விடாதீர்கள். பிளைவுட்டில் எம்.ஆர் என்றால் ஈரப்பதம் மட்டும் தாங்கும், தண்ணீர் தாங்காது. கிச்சனுக்கு ஐ.எஸ் 710 முத்திரை உள்ள, கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.பி வகை கேளுங்கள். ஒவ்வொரு ஷீட்டிலும் ஐ.எஸ்.ஐ குறியோடு சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், பி.ஐ.எஸ் கேர் செயலியில் அதைப் போட்டுப் பார்க்கலாம். "710-தான் சார்" என்ற வாய்வார்த்தை போதாது.

கரையான் அதிகம் உள்ள ஊரில், தரைத்தள வீட்டில் மரமே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு நம் ஊரிலேயே நல்ல வழி இருக்கிறது. கடப்பா கல் அல்லது கம்பி வலை வைத்து வார்த்த ஃபெரோசிமெண்ட் ஸ்லாபில் தடுப்பும் தட்டும் கட்டிவிட்டு, முன்னால் ஷட்டரும் உள்ளே டிராயர் சேனலும் மட்டும் போடலாம். தண்ணீர், கரையான் இரண்டுக்கும் கவலையில்லை, செலவும் குறையும். ஒரே நிபந்தனை, கொத்தனார் தடுப்புகளை மூலைமட்டம் பார்த்து நேராகக் கட்ட வேண்டும். மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு என்றால் டிராயர் ஓடாது.

ஷட்டரில் இன்று மேட் லேமினேட்டுக்குத்தான் மவுசு. கைரேகை படாத வகையும் வந்திருக்கிறது. அக்ரிலிக் பளபளப்பாக இருக்கும், ஸ்க்ரப்பர் பட்டால் கீறல். கைப்பிடி இல்லாத டிசைனில் மேல் விளிம்பில் அலுமினியப் பள்ளம் வைக்கும் முறை பார்க்க அழகு. அந்தப் பள்ளத்தில் மாவும் பருப்பும் விழும், வாரா வாரம் துடைக்கத் தயார் என்றால் போடுங்கள். எண்ணெய்க் கையோடு திறக்கும் வீட்டுக்குச் சாதாரண நீளக் கைப்பிடியே மேல்.

7. டிராயர்

கீழ் அலமாரி முழுக்க டிராயராக வருவதுதான் இந்தக் காலக் கிச்சனின் உண்மையான முன்னேற்றம். குனிந்து, கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டியதில்லை. இழுத்தால் எல்லாம் மேலிருந்து தெரியும். முட்டி வலி உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். காசை இங்கே செலவழியுங்கள்.

கம்பிக் கூடைகளைவிட, பக்கமும் அடியும் மூடிய டான்டம் பாக்ஸ் டிராயர் நல்லது. சின்ன டப்பா சாயாது, கடலோர ஊர்களில் கம்பி துருப்பிடிக்கும் தொல்லையும் இல்லை. எடை தாங்கும் அளவைக் கேளுங்கள். கரண்டிக்கு 30 கிலோ போதும். குக்கர், அரிசி வைக்கும் ஆழ டிராயருக்கு 50 கிலோவுக்கு மேல் வேண்டும். அடுப்புக்கு நேர் கீழே மேல் டிராயரில் அஞ்சறைப்பெட்டியும் கரண்டியும், அதற்குக் கீழே சட்டிகள், அடியில் குக்கரும் இட்லிப் பானையும். முதலில் எழுதிய பாத்திரப் பட்டியலை இப்போது கையில் எடுங்கள். எண்ணெய் பாட்டிலுக்கு என்று வரும் ஒல்லியான இழுப்பறை வாங்கினால் அடுப்பின் பக்கவாட்டில் வையுங்கள்.

மிக்ஸியை மேடையிலேயே வைத்து ரோலிங் ஷட்டரால் மூடும் அமைப்பு எனக்குப் பிடித்தது. உள்ளேயே சாக்கெட் இருக்க வேண்டும், ஆழம் 18 அங்குலமாவது வேண்டும். கிரைண்டர் கனம், அதைத் தூக்கித் தூக்கி வைக்கும்படி எந்த டிசைனும் இருக்கக் கூடாது. யூட்டிலிட்டியில் தாழ்ந்த மேடை ஒன்றில் நிரந்தரமாக நிற்கட்டும்.

8. சிங்க், டைல்ஸ், விளக்கு, நிறம்

சிங்க் 304 ஸ்டீல், 1 மி.மீ தடிமன், 9–10 அங்குல ஆழம். இரண்டு குட்டித் தொட்டிகளைவிட ஒரே பெரிய தொட்டிதான் இட்லிப் பானைக்கும் தோசைக்கல்லுக்கும் ஆகும். மேலே பலகையும் வடிதட்டும் நகரும் வொர்க்ஸ்டேஷன் சிங்க் சின்ன கிச்சனுக்கு நல்ல வாங்குதல்.

சுவருக்குப் பெரிய டைல்ஸ், குறைந்த இணைப்பு, இணைப்பை நிரப்ப எபாக்ஸி. அடுப்புக்குப் பின்னால் சாதாரண வெள்ளை சிமெண்ட் வைத்தால் எண்ணெய் இறங்கி மஞ்சளாகிவிடும். தரைக்கு மேட் ஃபினிஷ். ஆத்தங்குடி டைல்ஸ் மறுபடி நகர வீடுகளுக்கு வருவது மகிழ்ச்சி. ஆனால் அது சூளையில் சுடாத சிமெண்ட் கல், எண்ணெயையும் புளியையும் குடிக்கும். சாப்பாட்டு அறைக்கும் திறந்த கிச்சனின் வெளி எல்லைக்கும் போடுங்கள், அடுப்படிக்கு வேண்டாம்.

கூரை நடுவில் ஒரு விளக்கு மட்டும் இருந்தால் நம் நிழலே காய் நறுக்கும் இடத்தில் விழும். மேல் அலமாரிக்கு அடியில் எல்.இ.டி ஸ்ட்ரிப், 4000 கெல்வின்; கீரையில் பூச்சி இருந்தால் தெரியும்.

நிறம் உங்கள் மனசு. கீழே மரச்சாயலோ அடர்ந்த பச்சையோ, மேலே வெளிர் நிறமோ என்ற இரட்டை நிறம் கறையையும் மறைக்கும், அறையையும் பெரிதாகக் காட்டும்.

9. பழைய கிச்சனைப் புதுப்பிப்பவர்களுக்கு

எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதில்லை. கடப்பா தட்டுகள் உறுதியாக இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு ஷட்டர், சில டிராயர், விளக்கு, சிம்னி மட்டும் மாற்றுங்கள். பாதி செலவில் ஆள் அடையாளம் தெரியாத மாற்றம் கிடைக்கும். உடைப்பதாக இருந்தால் முதல் காசு வயரிங்குக்கும் பைப்புக்கும். ஃபிளாட்டில் சிங்க்கைத் தூரமாக நகர்த்தாதீர்கள். கழிவு பைப்புக்குச் சரிவு கிடைக்காமல் அடைத்துக்கொண்டே இருக்கும். வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை காற்றோட்டமான பின் வராந்தாவிலோ யூட்டிலிட்டியிலோ ஓர் அடுப்பும் தண்ணீர்க் குழாயும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

10. கொட்டேஷனும் ஒப்படைப்பும்

சதுர அடி ரேட் என்று ஒருவர் சொல்வது முன்பக்க ஷட்டர் பரப்பு, இன்னொருவர் சொல்வது பெட்டியின் எல்லாப் பலகைகளும் சேர்ந்த பரப்பு. எதைச் சொல்கிறார் என்று கேட்காமல் இரண்டு விலையை ஒப்பிட முடியாது. டிராயர் ஹார்டுவேர், மூலை அமைப்பு, கைப்பிடி, மேடைக்கல் வெட்டுக்கூலி, ஜி.எஸ்.டி இவை சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். பிளைவுட் வகை, லேமினேட் பெயர், ஹார்டுவேர் மாடல் எல்லாம் வரிவரியாக இருக்கட்டும். கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள்.

ஒப்படைக்கும் நாளில் சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி, மொத்தமாகத் திறந்துவிட்டு, கீழே டார்ச் அடித்து இணைப்புகளைப் பாருங்கள். டிராயரில் நிஜமாகவே அரிசியும் குக்கரும் வைத்து இழுத்துப் பாருங்கள். கேஸ் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். பெட்டியின் கால்களை மறைக்கும் 4 அங்குல ஸ்கர்ட்டிங் கழற்றி மாட்டும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். கரப்பான் மருந்து அடிக்க அதைக் கழற்றியாக வேண்டும். மிஞ்சிய லேமினேட் துண்டையும் அரைப் பெட்டி டைல்ஸையும் அவர்கள் எடுத்துக்கொண்டு போக விடாமல், அவற்றின் நம்பரைப் பின்பக்கம் எழுதி பரணில் போட்டு வையுங்கள். சில வருடம் கழித்து ஒரு ஷட்டர் மாற்ற வேண்டி வந்தால் அந்த நிறம் கடையில் கிடைக்காது.